கையில் தொழில், பையில் சான்றிதழ்

(திருப்பதியில் நடந்த நம் சங்கக் குடும்பக் கூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடத்திலிருந்து பார்த்தால் மலை தெரிகிறது. உலகத்தார் அதைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். நாமும் கும்பிடுகிறோம். ஆனால் தமிழர்களாகிய நமக்கு அந்த மலையைப் பார்க்கும்போது இன்னொரு நினைவும் வருகிறது. 2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில் ஒரே நாளில் இருபது தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக் கூலிகள். பலர் மலைவாழ் மக்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. அதை மனித உரிமை அமைப்புகள் ஏற்கவில்லை. உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் போய் வாக்குமூலம் கொடுத்தார்கள். அதற்கு முன்பு 2013 டிசம்பரில் இதே காட்டில் வனத்துறை அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். அவர்களும் பிள்ளை குட்டிக்காரர்கள்தான். 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து தமிழர்களின் பிணங்கள் மிதந்தன.

யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் பேசட்டும். நாம் இன்று கேட்க வேண்டிய கேள்வி வேறு. செம்மரம் வெட்டப் போனால் சிறை, தப்பினால் ஓட்டம், தப்பாவிட்டால் சாவு என்று தெரிந்தும் ஒருவன் ஏன் போனான்? பேராசையா? கட்டை விற்ற பணம் எங்கே போயிற்றோ, அந்தப் பெரிய மனிதர்கள் யாரும் அன்று காட்டில் இல்லை. கூலிக்குக் கோடாலி தூக்கியவன்தான் அங்கே கிடந்தான். அவனுக்கு வேறு வேலை இல்லை. வேறு வேலை கேட்க அவன் கையில் ஒரு தொழிலும் இல்லை, பையில் ஒரு காகிதமும் இல்லை.

ஏஜெண்ட் எந்த வீட்டுக்கு வருகிறான் என்று யோசித்துப் பாருங்கள். பத்தாவது பாஸ் ஆகி ஐ.டி.ஐ.யில் சேர்ந்த பையன் வீட்டுக்கு அவன் வருவதில்லை. எட்டாவதில் நின்றுவிட்டு, இரண்டு வருடம் செங்கல் சூளையிலும் ஓட்டலிலும் சுற்றிவிட்டு, கடனோடு உட்கார்ந்திருக்கும் பையன் வீட்டுக்குத்தான் முன்பணத்தோடு வருகிறான். நம் வீட்டு நிலவரம் நமக்குத் தெரிவதைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்!

ஆகவே தோழர்களே, பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியைப் பற்றித்தான் இன்று பேச்சு. அந்த இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள்.

இதைப் பேச எங்களுக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். சங்கத்தில் இந்த வேலையை எடுத்துச் செய்யும் நாங்கள் பட்டதாரிகள் அல்ல. பத்தாவது பாஸ் செய்து, இரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனவர்கள். பத்தாவது என்ற ஒரு படி இல்லையென்றால் எங்களில் எவரும் இன்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க முடியாது. அந்த ஒரு காகிதத்தின் விலை எங்களுக்குத் தெரியும்.

முதலாவது விஷயம். ஏழாவது முதல் பத்தாவது வரை அந்த நாலு வருடம்.

சித்தூர்ப் பக்கம் மாங்கூழ் சீசன் மே மாதக் கடைசியில் பிடித்தால் ஜூலை வரை ஓடும். பள்ளிக்கூடம் ஜூன் மாதம் திறக்கிறது. தோத்தாபுரி லாரி வந்து நிற்கும்போது பிள்ளையும் கூடையோடு நிற்கிறது. "ஒரு மாசம்தானே சார்" என்கிறார்கள். ஒரு மாதம் கழித்து வகுப்பில் போய் உட்காரும் பிள்ளைக்குக் கணக்கு புரிவதில்லை. புரியாததால் போவதில்லை. அப்படி நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்! இன்னொரு பக்கம், வேலை கிடைக்கும் இடமெல்லாம் குடும்பம் நகர்கிறது. ஆறாவது திருத்தணியில் பாட்டி வீட்டில், ஏழாவது நகரியில், எட்டாவது சித்தூரில், ஒன்பதாவது மறுபடியும் பாட்டி வீட்டில்.

இதனால் படிப்பு மட்டும் கெடுவதில்லை. உரிமையும் போகிறது. ஆந்திரத்தில் அரசியல் சட்டம் 371-டி பிரிவின் கீழ் 1974-லும் 1975-லும் குடியரசுத் தலைவரின் ஆணைகள் வந்தன. முதலாவது கல்லூரி இடத்துக்கு, இரண்டாவது அரசு வேலைக்கு. கல்லூரி இடங்களில் 85 சதவீதம் 'உள்ளூர் மாணவர்'களுக்கு என்று ஒதுக்கினார்கள். வேலையிலும் பெரும்பகுதி அப்படியே. யார் உள்ளூர்? அதற்குப் போட்ட பொது அளவுகோல், தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு முடிகிற நான்கு கல்வியாண்டுகள் தொடர்ச்சியாக அந்தப் பகுதியில் படித்திருக்க வேண்டும் என்பது. பிற்பாடு திருத்தங்கள் வந்திருக்கின்றன. விகிதமும் விதியும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் போது அன்றைய அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் சாரம் இதுதான்: எந்த மொழி பேசுகிறாய் என்று அந்த விதி கேட்கவில்லை. எங்கே படித்தாய், 'ஸ்டடி சர்டிபிகேட்' எங்கே என்றுதான் கேட்கிறது. சித்தூரில் ஏழாவது முதல் பத்தாவது வரை நகராமல் படித்த தமிழ்ப் பிள்ளை இந்த அளவுகோலின்படி உள்ளூர்ப் பிள்ளைதான்!

தமிழ்நாட்டில் வேறு கணக்கு. அங்கே தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. 2020-ல் அதைத் திருத்தி, தொடக்கத்திலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்றாக்கினார்கள். இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறிப் படித்த பிள்ளை ஆந்திரத்தில் உள்ளூர் அல்ல, தமிழ்நாட்டில் முழுத் தமிழ்வழியும் அல்ல. எல்லைக் கோட்டில் நின்றுகொண்டு இரண்டு பந்தியிலும் இலை இல்லாமல் போகிறான். இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, ஒரு பக்கத்தில் நிலையாக உட்கார வையுங்கள். பெரியவர்கள் வேலைக்காக நகரத்தான் வேண்டும் என்றால், ஏழாவதுக்கு மேல் பிள்ளையை விடுதியிலோ உறவினர் வீட்டிலோ விட்டு ஒரே பள்ளியில் முடிக்க வையுங்கள்.

சிறு பிள்ளைகளுக்குச் சட்டம் துணை இருக்கிறது. 2009-ல் இயற்றி 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளையை டி.சி. இல்லை என்றோ, பிறப்புச் சான்று இல்லை என்றோ எட்டாவது வரை சேர்க்க மறுக்கக் கூடாது. வயதுக்கு ஏற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். "டி.சி. கொண்டு வா" என்று வாசலிலிருந்து திருப்பி அனுப்பினால் சும்மா திரும்பி வராதீர்கள். சங்கத்துக்குச் சொல்லுங்கள். இரண்டு பேர் கூட வருவோம்.

இரண்டாவது விஷயம், பெயர்.

சிரிக்காதீர்கள்! எங்களிடம் வரும் விண்ணப்பங்களில் அடிக்கடி இடிப்பது இதுதான். தெலுங்கில் எல்லோருக்கும் 'இண்டி பேரு' உண்டு. குடும்பப் பெயர் முன்னால் வரும். நமக்கு அது கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்துதான் நமக்கு இனிஷியல். பள்ளியில் சேர்க்கும்போது "இண்டி பேரு ஏமி?" என்று கேட்கிறார்கள். நம் ஆள் விழிக்கிறார். ஊர்ப் பெயரையோ, சாதிப் பெயரையோ, தாத்தா பெயரையோ யாராவது எழுதிவிடுகிறார்கள். பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஊரில் வாங்கிய சாதிச் சான்றிதழில் நாலாவது பெயர். பரீட்சையில் பாஸ் ஆனவன் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியே நிற்கிறான். பத்தாவது பரீட்சைக்குப் பெயர் அனுப்பும் முன்பே நாலு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். படிக்கத் தெரியாதவர்கள் எங்களிடம் கொண்டு வாருங்கள். பத்தாவது சான்றிதழ் அச்சாகி வந்தபின் திருத்துவது பெரிய அலைச்சல்.

மூன்றாவது, சாதிச் சான்றிதழ்.

இதில் பல குடும்பங்கள் ஏமாந்து நிற்கின்றன. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், இங்கே வந்தாலும் ஆதிதிராவிடர்தானே என்று நினைக்கிறோம். ஊர் அப்படித்தான் நடத்துகிறது. சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. ஆந்திரத்திலிருந்து பம்பாய்க்குப் போன ஒரு பழங்குடிக் குடும்பத்துப் பையன் அங்கே மருத்துவக் கல்லூரியில் இடஒதுக்கீடு கேட்ட வழக்கில் 1990-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு மாநிலத்தில் பட்டியலில் இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தச் சலுகை கூடவே போகாது என்று. தீண்டாமை மாநில எல்லை தாண்டி வருகிறது, சலுகை மட்டும் எல்லையில் இறங்கிக்கொள்கிறது! இதை மாற்றக் கோருவது நம் அரசியல். அது மாறும் வரை என்ன செய்வது?

மத்திய அரசு வேலைக்கு இந்தத் தடை இல்லை. இரயில்வே, தபால், வங்கி, மத்தியப் படைகள், இவற்றுக்குச் சொந்த மாநிலத்தில் வாங்கிய எஸ்.சி., எஸ்.டி. சான்றிதழ் செல்லும். குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்குத் தகப்பனாரின் சான்றிதழை வைத்து, இங்கே குடியிருக்கும் இடத்து அதிகாரியிடமே சான்றிதழ் கேட்டுப் பெறவும் வழி உண்டு. பிற்படுத்தப்பட்டோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி. சான்றிதழை அப்படியே மத்திய அரசு விண்ணப்பத்தில் வைத்தால் தள்ளிவிடுவார்கள். மத்திய அரசின் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். இது தெரியாமல் பொதுப் பிரிவில் போய் விழுந்த பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இன்னொரு நல்ல செய்தி. இரயில்வே தேர்வு வாரியத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். தெலுங்கிலும் எழுதலாம். மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் பல்பணி ஊழியர் தேர்வும் 2023 முதல் தமிழில் நடக்கிறது. குண்டக்கல் கோட்டத்தில் வேலை பார்க்கத் தமிழில் தேர்வு எழுதிவிட்டு வரலாம்!

நாலாவது, கையில் ஒரு தொழில்.

சில மாதங்களுக்கு முன் ஒரு அம்மா சங்கத்துக்கு வந்தார். "சார், என் பையன் வெல்டிங் அடிச்சா கோடு போட்ட மாதிரி இருக்கும் சார். பட்டறைக்காரரே சொல்றாரு. ஆனா கம்பெனி கேட்டுல உள்ளே விட மாட்டேங்கறாங்க" என்றார். பையன் ஆறு வருடம் பட்டறையில் உதவியாளாகக் கிடந்து தொழில் கற்றவன். கை பேசுகிறது, காகிதம் இல்லை. கூலி பாதி. அவன் எட்டாவது பாஸ் என்று தெரிந்ததும் எங்களுக்கு உயிர் வந்தது. வெல்டர் படிப்புக்கு ஐ.டி.ஐ.யில் எட்டாவது போதும். ஒரு வருடப் படிப்பு. "இருபத்திரண்டு வயசுல மறுபடியும் ஸ்கூலா?" என்று பையன் வெட்கப்பட்டான். அம்மாதான் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இப்போது படித்துக்கொண்டிருக்கிறான். மாலையில் அதே பட்டறையில் வேலை.

பிட்டர், எலெக்ட்ரீசியன் போன்றவை இரண்டு வருடம். பத்தாவது வேண்டும். படித்து முடித்ததும் 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் தொழிற்சாலையில் பழகுநராகச் சேர வேண்டும். அதில் கிடைப்பது சம்பளம் அல்ல, உதவித்தொகை. முடித்தபின் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் முதலாளிக்குக் கிடையாது. இதை மறைத்துப் பேச மாட்டோம். ஆனால் இரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு முதல்நிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. திருப்பதியிலேயே இரயில் பெட்டிப் பழுதுபார்க்கும் தொழிற்சாலை இருக்கிறது. இரயில்வே பணிமனைகளின் அப்ரண்டிஸ் அறிவிப்பு வரும்போது நம் பிள்ளை விண்ணப்பத்தோடு தயாராக இருக்க வேண்டும்.

சொந்தத் தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. 1982-ல் கர்நாடகத்து உஜிரேயில் தொடங்கிய முறை இது. மாவட்டத்துக்கு ஒன்று என்று நாடு முழுக்கப் பரவியது. பயிற்சி இலவசம், தங்க இடமும் சாப்பாடும் இலவசம். தையல், மின்மோட்டார் பழுது, செல்போன் பழுது, கறவை மாடு என்று பல உண்டு. சித்தூர் மாவட்டத்து பேட்டமிட்டாவில் அமர ராஜா நிறுவனம் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி மையம் நடத்துகிறது. 2008-ல் தொடங்கிய ஸ்ரீசிட்டியில் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களே, "பொண்ணு பத்தாவது போதும்" என்று சொல்லாதீர்கள். பத்தாவதோடு போனால் வரிசையில் நின்று பாகம் மாட்டும் வேலை. பாலிடெக்னிக் டிப்ளமோவோடு போனால் அந்த வரிசையை மேற்பார்க்கும் வேலைக்கு வழி திறக்கும். பஸ் ஒன்றுதான், இறங்கும் கேட்டும் ஒன்றுதான், சம்பளம் வேறு.

படிப்பை விட்டவர்களுக்கும் கதவு மூடவில்லை. தேசியத் திறந்தவெளிப் பள்ளி 1989-லிருந்து இயங்குகிறது. பதினாலு வயது நிரம்பிய எவரும் பத்தாவது எழுதலாம். வயது உச்சவரம்பு இல்லை. தமிழ் மொழியிலும் எழுதலாம். ஒரே தடவையில் எல்லாப் பாடமும் தேற வேண்டும் என்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முடிக்கலாம். பகலில் சூளையில் வேலை பார்ப்பவனுக்கு இதைவிட ஏற்ற வழி வேறு இல்லை.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது ம.பொ.சி. போன்றவர்கள் எல்லைக்காகப் போராடினார்கள். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டம் 350-ஏ பிரிவு சொல்கிறது. அந்த உரிமையை நாம் விடக் கூடாது. தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியர் கேட்டு மனுக் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. ஆனால் தெலுங்கு எழுதப் படிக்கத் தெரியாமல் இந்த மண்ணில் பிழைப்பது கடினம். தெலுங்கு கற்பது தமிழுக்குத் துரோகம் என்று எவராவது சொன்னால், அவர் பிள்ளை எங்கே படிக்கிறது என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக் கூலியும் நம்மைப் போலவே பிள்ளைக்கு வேலை தேடி அலைகிறார். அவர் நமக்குப் போட்டியாளர் இல்லை, கூட்டாளி. நம் உதவி மேசைக்கு அவர் வந்தால் அவருக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுப்போம்.

இனி, உங்கள் மனதில் இருக்கும் கேள்விக்கு வருகிறோம். படித்தாலும் பயிற்சி எடுத்தாலும் வேலை எங்கே இருக்கிறது? நியாயமான கேள்வி. 2019-ல் இரயில்வே முதல்நிலைப் பணிக்கு 1,03,769 இடம் அறிவித்தார்கள். வந்த விண்ணப்பம் ஒரு கோடிக்கு மேல். தேர்வு நடந்தது 2022-ல்! மூன்று வருடம் ஒரு தலைமுறையைக் காக்க வைத்தார்கள். ஆகவே பயிற்சி கொடுத்துவிட்டோம், இனி உன் பாடு என்று ஆட்சியாளர்கள் கைகழுவ விடக் கூடாது. காலி இடத்தை நிரப்பு, தேர்வைக் காலத்தில் நடத்து, ஒப்பந்தக் கூலிக்கும் சட்டப்படி ஊதியம் கொடு என்று கேட்பது சங்கத்தின் வேலை. அதை இந்தப் பத்திரிகை மாதம்தோறும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனால் தோழர்களே, அந்தப் போராட்டம் வெற்றி பெறும் நாளில் நம் பிள்ளை வரிசையில் நிற்கத் தகுதியோடு இருக்க வேண்டாமா? இடம் நிறைய வந்து, நம் பையன் எட்டாவதில் நின்றவன் என்றால் அந்த இடத்தால் நமக்கு என்ன பலன்? கோரிக்கை ஒரு கை, தயாரிப்பு மறு கை. ஒரு கையால் பாறை நகராது.

கடைசியாக, நாங்கள் செய்யப் போவதைச் சொல்லி முடிக்கிறோம். ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் சங்க அறையில் ஒரு மேசை போடுவோம். சான்றிதழ், விண்ணப்பம், பெயர்த் திருத்தம், திறந்தவெளிப் பள்ளிச் சேர்க்கை, எதுவானாலும் கொண்டு வாருங்கள். காசு கிடையாது. ஏழாவது முதல் பத்தாவது வரை படிக்கும் நம் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று எடுப்போம். எந்தப் பிள்ளை பதினைந்து நாள் பள்ளிக்குப் போகவில்லையோ அந்த வீட்டுக்கு ஒருவர் போய்க் கதவைத் தட்டுவோம். ஏஜெண்ட் வருவதற்கு முன் நாம் போக வேண்டும். அவ்வளவுதான் நம் திட்டம்.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து பிள்ளையின் காகிதங்களை எல்லாம் ஒரு பையில் போட்டு வையுங்கள். எது இல்லை என்று பாருங்கள். இல்லாததை வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லுங்கள்.

சேஷாசலத்தில் விழுந்த இருபது பேரின் வீட்டிலும் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள். அவர்கள் கையில் கோடாலி வந்துவிடக் கூடாது. நம் பிள்ளைகள் கையிலும் வந்துவிடக் கூடாது.